ஹங்கேரிக்குக் கால்பந்து சொல்லிக் கொடுத்தது யார்?

பிப்ரவரி 4, ஒரு வாசகர் கேட்டது

"1953-இல் வெம்ப்ளியில் ஹங்கேரி இங்கிலாந்தை 6-3 என்று அடித்ததைப் பற்றிப் பேச்சு வந்தாலே 'குருவை மிஞ்சிய சிஷ்யன்' என்கிறார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. இங்கிலாந்து யாருக்கும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஹங்கேரிக்காரர்கள் தாங்களாகவே கற்றுக்கொண்டார்கள். மறுக்க முடியுமா?"

பிப்ரவரி 4, இரவு

பாதியை ஒத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கமோ கிளப்புகளோ யாருக்கும் சொல்லிக் கொடுக்கப் போகவில்லை, சரி. ஆனால் ஓர் ஆங்கிலேயர் போனார். அந்த நவம்பர் 25 அன்று வெம்ப்ளியில் லட்சம் பேருக்கு நடுவில் அவரும் உட்கார்ந்திருந்தார். வயது 71. பக்கத்தில் ஆஸ்டன் வில்லா கிளப்பின் இளம் பையன்கள். கால்பந்தை எப்படி ஆட வேண்டும் என்று கண்ணால் பார்க்கட்டும் என்று அவர்தான் கூட்டி வந்திருந்தார். பெயர் ஜிம்மி ஹோகன்.

முதல் நிமிடத்திலேயே ஹங்கேரியின் ஹிடெக்குட்டி கோல் போட்டார். சென்டர் ஃபார்வர்ட் என்று பெயர், அதாவது எதிரணிக் கோலுக்குப் பக்கத்தில் முன்வரிசை நடுவில் நிற்க வேண்டியவர், ஆனால் அவர் நின்றதெல்லாம் நடுக்களத்தில். அவரை யார் பிடிப்பது என்று இங்கிலாந்துத் தடுப்பாட்டக்காரர்களுக்குக் கடைசி வரை புரியவில்லை. மூன்றாவது கோல்தான் எல்லோரும் பேசுவது. ஹங்கேரி கேப்டன் புஷ்காஷ் காலடியில் பந்து. இங்கிலாந்து கேப்டன் பில்லி ரைட் சறுக்கிக்கொண்டு வருகிறார். புஷ்காஷ் பூட்ஸின் அடிப்பாகத்தால் பந்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ரைட் வந்து சேர்ந்த இடத்தில் பந்து இல்லை. அடுத்த நொடி வலைக்குள் இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் ஹங்கேரி கால்பந்துச் சங்கத் தலைவர் ஷாண்டோர் பார்ச் சொன்னார்: கால்பந்தில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஜிம்மி ஹோகன் கற்றுக் கொடுத்ததுதான். பயிற்சியாளர் குஸ்டாவ் ஷெபெஷ் இன்னும் ஒரு படி மேலே போனார். எங்கள் கால்பந்து வரலாற்றை எழுதும்போது ஹோகன் பெயரைப் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டும் என்றார். தோற்கடித்துவிட்டு, தோற்ற நாட்டுக்காரர் ஒருவர் பெயரைச் சொல்கிறார்கள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பிப்ரவரி 5

"யார் இவர், கேள்விப்பட்டதே இல்லையே" என்று இரண்டு பேர். சொல்கிறேன்.

1882-இல் லங்காஷயரில் நெல்சன் என்ற ஊரில் பிறந்தார். ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பம். அப்பாவுக்கு மகனைப் பாதிரியாராக்க ஆசை, மகனுக்குப் பந்து. பர்ன்லி, ஃபுல்ஹம், சுவிண்டன், போல்டன் என்று பல கிளப்புகளில் ஆடினார். இன்சைடு ஃபார்வர்ட், அதாவது சென்டர் ஃபார்வர்டுக்குப் பக்கத்தில் ஆடுபவர். நல்ல ஆட்டக்காரர்தான், நட்சத்திரம் என்று சொல்ல முடியாது. ஆனால் உழைப்பு அசுரத்தனம். சைக்கிள் ஒன்றைத் தரையோடு நிறுத்திவைத்துத் தினமும் 30 மைல் மிதிப்பாராம், கால் வேகம் கூடும் என்று. பிறகுதான் தெரிந்தது, கெண்டைக்கால் இறுகியதைத் தவிர வேறு பலன் இல்லை.

எனக்கு அவர் கதையில் எல்லாமே பர்ன்லியில் நடந்த ஒரு சின்ன விஷயத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஓர் ஆட்டத்தில் எதிராளிகளைக் கடந்து நல்ல இடத்துக்கு வந்து அடித்தார். பந்து கம்பத்துக்கு மேலே போய்விட்டது. மேலாளர் ஸ்பென் விட்டேக்கரிடம் போய்க் கேட்டார்: என்ன தப்பு? கால் வைத்த இடம் தப்பா? உடம்பு நிலை தவறிவிட்டதா? விட்டேக்கர் சொன்ன பதில், அடித்துக்கொண்டே இரு, பத்துக்கு ஒன்று உள்ளே போனால் போதும்.

பத்துக்கு ஒன்று! ஹோகன் அந்தப் பதிலோடு வீட்டுக்குப் போகவில்லை. பந்து ஏன் மேலே போகிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. அடிக்காத கால் பந்துக்குப் பின்னாலேயே நின்றுவிட்டால் உடம்பு பின்னால் சாயும். சாய்ந்தால் பாதம் பந்தின் நடுவில் படாமல் அடியில் போய் நுழையும். பந்து வானத்துக்குத்தான் போகும். ஊன்றும் கால் பந்துக்குப் பக்கவாட்டில், முழங்கால் பந்துக்கு மேலே, தலை குனிந்து இருக்க வேண்டும். இன்று பத்து வயதுப் பையனுக்கும் இதைச் சொல்லித் தருகிறோம். அன்று ஒரு தொழில்முறைக் கிளப்பில் இதைக் கேட்டவருக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை.

பிப்ரவரி 5, கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதைப் படித்தபோது என் பள்ளிக்கூட நாட்கள் நினைவுக்கு வந்துவிட்டன. எங்களுக்குப் பந்து வாரத்தில் ஒரு நாள்தான். மற்ற நாளெல்லாம் மைதானத்தைச் சுற்றி ஓட்டம். பந்து அலமாரிக்குள், பூட்டுக்குள். "ஓடு, ஸ்டாமினா வரும், பந்து தானா வரும்." வரவில்லை. எனக்கு இடது கால் இன்று வரை சும்மா ஊன்றுகோல்தான்.

அந்தக் கால இங்கிலாந்துக் கிளப்புகளிலும் அதேதான். வாரம் முழுக்கப் பந்தைக் கண்ணில் காட்டாதே, சனிக்கிழமை பசியோடு வருவான் என்பது அவர்கள் நம்பிக்கை. பசியோடு வந்தவனுக்குச் சாப்பிடத் தெரிய வேண்டாமா?

பிப்ரவரி 7

இனி ஹாலந்து. போல்டன் அணி அங்கே சுற்றுப்பயணம் போனபோது டோர்ட்ரெக்ட் அணியை 10-0 என்று அடித்தது. சிரித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஹோகன், ஒருநாள் திரும்பி வந்து இவர்களுக்கு ஆடக் கற்றுக் கொடுப்பேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். 1910-இல், 28 வயதில், அதே டோர்ட்ரெக்ட்டுக்கே பயிற்சியாளராகப் போனார். அவர் பொறுப்பில் ஹாலந்து தேசிய அணி அந்த அக்டோபரில் ஜெர்மனியை 2-1 என்று வென்றது.

அடுத்தது வியன்னா. ஆஸ்திரியக் கால்பந்தைக் கட்டி எழுப்பிக்கொண்டிருந்த ஹியூகோ மெய்ஸ்ல், 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்குக்கு அணியைத் தயார் செய்ய ஆள் தேடினார். ஆங்கிலேய நடுவர் ஜேம்ஸ் ஹௌக்ராஃப்ட் ஹோகன் பெயரைச் சொன்னார். ஹோகனும் மெய்ஸ்லும் உட்கார்ந்து பேசினால் நேரம் போவதே தெரியாதாம். ஸ்டாக்ஹோமில் ஆஸ்திரியா ஜெர்மனியை 5-1 என்று நொறுக்கியது. அடுத்த ஆட்டத்தில் 3-1 என்று தோற்றது. யாரிடம்? ஹாலந்திடம்! இரண்டு பக்கமும் இவர் கை பட்ட பிள்ளைகள். அன்று அவர் மனம் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று எனக்கு ரொம்ப ஆசை தெரிந்துகொள்ள.

பிப்ரவரி 8

ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார்: மொழி? ஹோகனின் ஜெர்மன் ரொம்ப நாள் தடுமாற்றம்தான். பின்னாளில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் நடந்ததைச் சொன்னால் போதும். சொற்பொழிவில் வார்த்தைகள் காலை வாரிவிட்டன, கூட்டம் சிரித்தது. இடைவேளை விட்டுவிட்டுப் போனவர், பழைய போல்டன் சட்டை டிரவுசரோடு மேடைக்கு வந்தார். பூட்ஸையும் காலுறையையும் கழற்றினார். உங்கள் ஆட்டக்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இரண்டு காலாலும் அடிக்கத் தெரியாது என்று சொல்லிவிட்டு, பதினைந்து கஜம் தள்ளியிருந்த மரப்பலகையை நோக்கி வெறுங்காலால் வலக்காலில் ஓர் அடி. திரும்பி வந்த பந்தை இடக்காலில் ஓர் அடி. பலகை இரண்டாகப் பிளந்தது. அதற்கப்புறம் யாரும் அவர் இலக்கணத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 11

புடாபெஸ்ட் பகுதி. நிதானமாக எழுத வேண்டும் என்றுதான் மூன்று நாள் எடுத்துக்கொண்டேன்.

1914-இல் அவர் மறுபடி வியன்னாவில். நடக்காமலே போன 1916 பெர்லின் ஒலிம்பிக்குக்கு அணியைத் தயார் செய்யும் வேலை. போர் வெடித்தது. பகை நாட்டவர் என்று பிடித்து உள்ளே போட்டார்கள். மனைவியும் பிள்ளைகளும் 1915-இல் இங்கிலாந்து திரும்ப முடிந்தது, இவரால் முடியவில்லை. ஜெர்மனியில் இருந்த முகாமுக்கு அனுப்பப்பட இருந்த நேரத்தில், வியன்னாவில் பெரிய கடை வைத்திருந்த பிளைத் சகோதரர்கள் தலையிட்டு மீட்டார்கள். அவர்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக் கொடுத்து, கிடைத்த வேலையைச் செய்து நாளைக் கழித்தார். அப்போதுதான் ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்டிலிருந்து எம்டிகே கிளப் அவரைக் கேட்டது. தலைவர் ஆல்ஃப்ரெட் ப்ரூல். பெரிய மனசுக்காரர்.

போனார். போலீஸ் கண்காணிப்பில் இருந்துகொண்டே பயிற்சி. கிளப்பின் பெரிய ஆட்டக்காரர்கள் பலர் போர்முனையில். ஆளே இல்லை. ஒருநாள் பூங்காப் பக்கம் போனபோது பையன்கள் சிலர் பந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் இரண்டு பேரை அள்ளிக்கொண்டார். ஒருவன் ஜ்யோர்ஜ் ஓர்த், இன்னொருவன் யோஷெஃப் பிரௌன். இருவரும் 1901-இல் பிறந்தவர்கள், பள்ளி மாணவர்கள். தினமும் பள்ளி விட்டதும் மைதானம். பந்தை நிறுத்துவது, திரும்புவது, கொடுப்பது, கொடுத்துவிட்டு இடம் மாறுவது. பந்து தரையிலேயே இருக்க வேண்டும். தேவை வந்தால் நீளமாக அடிக்கலாம், ஆனால் யாருக்கு அடிக்கிறோம் என்று தெரிந்து அடிக்க வேண்டும்.

போர்க்காலத்தில், எதிரி நாட்டில், மனைவி மக்களைப் பிரிந்து, இரண்டு பையன்களை நிற்கவைத்து "இன்னொரு தடவை" என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு மனிதர். எனக்கு வெம்ப்ளியின் ஆறு கோலை விடவும் இந்தக் காட்சிதான் பெரிசு.

எம்டிகே 1916-17 தொடங்கி 1924-25 வரை ஒன்பது பருவமும் தொடர்ந்து ஹங்கேரி சாம்பியன்.

பிப்ரவரி 12

திருத்தம். நேற்றைய கடைசி வரியைப் படித்துவிட்டு ஒன்பதும் ஹோகன் வாங்கிக் கொடுத்தது என்று இரண்டு பேர் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எழுதிய விதம் என் தப்பு. போர் முடிந்ததும் அவர் கிளம்பிவிட்டார், பிற்பாடு சுவிட்சர்லாந்தில் யங் பாய்ஸ் கிளப்புக்குப் போய்ச் சேர்ந்தார். முதல் இரண்டு பட்டம் அவர் இருந்தபோது வந்தவை. மற்றவை அவர் விட்டுப்போன அஸ்திவாரத்தின் மேல் வேறு ஆட்கள் கட்டியவை. 1920-களின் நடுவில் மறுபடி எம்டிகேக்கு வந்து வேலை பார்த்தார் என்பது தனி.

இன்னொன்று. வெம்ப்ளியில் ஆடிய யாரையும் ஹோகன் நேரடியாகப் பயிற்றுவிக்கவில்லை. புஷ்காஷ் பிறந்ததே 1927-இல். முதல் நாள் நான் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டு எழுதிவிட்டேன். இது ஒரு சங்கிலி. எம்டிகேயில் வேர்விட்ட ஆட்டமுறை அதே கிளப்பில் வளர்ந்தது. மார்டன் புகோவி அங்கே பயிற்சியாளராக இருந்தபோதுதான் சென்டர் ஃபார்வர்டைப் பின்னுக்கு இழுத்து ஆடவைத்தார். ஹிடெக்குட்டி எம்டிகே ஆட்டக்காரர். அது தேசிய அணிக்குப் போனது. ஷெபெஷ் பொன்னெழுத்து என்று சொன்னது இந்த முழுச் சங்கிலிக்கும் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 15

"ஸ்காட்லாந்துக்காரர்களை மறந்துவிட்டீர்கள்" என்று ஒருவர் கோபமாக. கோபம் நியாயம்.

குட்டையாகப் பாஸ் கொடுத்து ஆடுவது ஹோகன் கண்டுபிடித்தது இல்லை. அது ஸ்காட்லாந்துச் சொத்து. அவர் ஃபுல்ஹமில் ஆடியபோது அங்கிருந்த ஸ்காட்லாந்து ஆட்டக்காரர்களிடம் அதைப் பார்த்துக் கற்றார். பிராக் நகரில் ஸ்லாவியா கிளப்பை 1905 முதல் இருபத்தைந்து வருஷம் வளர்த்தவர் ஜான் மேடன், ஸ்காட்லாந்துக்காரர். எம்டிகேயிலேயே ஹோகனுக்கு முன் ஜான் டெய்ட் ராபர்ட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இருந்துவிட்டுப் போனார். அந்த மண் ஏற்கெனவே உழுத மண்தான்.

அப்புறம் ஹோகனுடைய பங்கு என்ன? இரண்டு நாளாக யோசித்தேன். கைவேலையைப் பாடமாக மாற்றியதுதான் என்று தோன்றுகிறது. திறமைசாலி செய்து காட்டிவிட்டுப் போய்விடுவான். இவர் செய்து காட்டி, பிரித்துக் காட்டி, ஏன் அப்படி என்று சொல்லி, எதிரில் இருப்பவனைச் செய்யவைத்தார். விட்டேக்கரிடம் தனக்குக் கிடைக்காத பதிலை வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

பிப்ரவரி 16

காலுறைக் கதையைக் கேட்டீர்கள். எழுதவே வயிறு எரிகிறது.

போர் முடிந்து ஹோகன் இங்கிலாந்து வந்தார். கையில் காசு இல்லை. போரால் நொடித்துப்போன ஆட்டக்காரர்களுக்குக் கால்பந்துச் சங்கம் 200 பவுண்டு கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு லண்டன் போய்ச் செயலாளர் ஃபிரெடரிக் வாலைப் பார்த்தார். கிடைத்தது மூன்று ஜோடி காக்கிக் காலுறை. போர்முனையில் நம் பையன்களுக்கு இது கிடைத்தபோது சந்தோஷப்பட்டார்கள் என்று ஒரு வார்த்தையும் சேர்த்து. எதிரி நாட்டில் பந்து சொல்லிக் கொடுத்தவன் துரோகி என்பது அதன் அர்த்தம். ஹோகன் இதைக் கடைசி வரை மறக்கவில்லை. நானாக இருந்தாலும் மறந்திருக்க மாட்டேன்.

பிப்ரவரி 19

பேச்சு வேறு ஆங்கிலேயர்கள் பக்கம் போய்விட்டது. போகட்டும், நல்ல ஆட்கள்.

ஹோகன் போகாமல் தப்பித்தது போன்ற ஒரு முகாம் பெர்லின் பக்கத்தில் ரூலேபன். குதிரைப் பந்தய மைதானம் அது. லாயங்களில் ஆயிரக்கணக்கான பிரிட்டிஷ்காரர்களை அடைத்தார்கள். இங்கிலாந்துக்காக 23 ஆட்டத்தில் 28 கோல் அடித்த ஸ்டீவ் புளூமரும் அதில் ஒருவர். 1914 ஜூலையில் பயிற்சியாளர் வேலைக்கு பெர்லின் வந்து இறங்கினார், சில வாரத்தில் போர்! உள்ளேயே சங்கம் வைத்து லீக் நடத்தினார்கள்.

அதே முகாமில் இருந்த ஃபிரெட் பென்ட்லண்ட் பிற்பாடு ஸ்பெயினில் அத்லெடிக் பில்பாவோவின் தெய்வம் ஆனார். எப்போதும் தலையில் வட்டத் தொப்பி. பெரிய வெற்றி வந்தால் ஆட்டக்காரர்கள் அதைப் பிடுங்கி மிதித்து நாசம் செய்வார்கள், அவரும் விடுவார். 1930, 1931 இரண்டு வருஷமும் லீக்கும் கோப்பையும் சேர்த்தே வாங்கினார்கள். 1931-இல் பார்சலோனாவை 12-1 என்று அடித்தார்கள். 1959-இல் பில்பாவோ அவரைத் திரும்ப அழைத்து, லண்டன் கிளப்பான செல்ஸியோடு ஓர் ஆட்டம் வைத்துக் கௌரவித்தது. மூன்று வருஷத்தில் காலமானார். உயிரோடு இருக்கும்போதே செய்தார்களே, அது போதும்.

இத்தாலியில் இன்றும் பயிற்சியாளரை "மிஸ்டர்" என்று கூப்பிடுவது ஜெனோவாவில் இருந்த வில்லியம் கார்பட்டிலிருந்து வந்தது என்பார்கள். ஹாலந்தின் அயாக்ஸ் கிளப்பில் ஜாக் ரெனால்ட்ஸ் எட்டு லீக் பட்டம். அவருக்குக் கீழே ஆடிய ரீனஸ் மிஷெல்ஸ்தான் பிற்பாடு 1974-இல் ஹாலந்தை உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனவர்.

பிப்ரவரி 24

ஃபுல்ஹம் விஷயத்தில் மனசு மாறிக்கொண்டிருக்கிறது.

1934-இல் ஹோகனை ஃபுல்ஹம் கூப்பிட்டது. 31 ஆட்டம் முடிந்த நிலையில், குடல்வால் அறுவை சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். முதிர்ந்த ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி தேவையில்லை என்பது காரணம். முதலில் படித்தபோது அந்த ஆட்டக்காரர்கள் மேல் ஆத்திரம் வந்தது. இப்போது அவ்வளவு இல்லை. அன்று சம்பள உச்சவரம்பு வாரத்துக்கு 8 பவுண்டு. சனிக்கிழமை முடிவுதான் அடுத்த வருஷ ஒப்பந்தம். முப்பது வயதில் ஒருவனை நிறுத்தி, நீ பந்தை வாங்குவதே தப்பு என்றால் அவனுக்குப் பயம்தான் வரும். ஓர்த்துக்குப் பதினைந்து வயது, இழக்க ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 25

நேற்று எழுதியது முழுசாகச் சரியில்லை. வயதுதான் காரணம் என்றால் ஆஸ்டன் வில்லா எப்படி? 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஆஸ்திரிய அணியை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோய் (இத்தாலியிடம் 2-1, வெள்ளி) அதே வருஷம் வில்லாவுக்கு வந்தார். இரண்டாம் டிவிஷனில் கிடந்த அணி 1938-இல் அதில் முதலிடம் பிடித்து மேலே ஏறியது. அதே பருவத்தில் எஃப்ஏ கோப்பை அரையிறுதியும் எட்டியது. அவர்களும் சம்பளத்துக்கு ஆடியவர்கள்தான். வில்லா பொறுமையாக இருந்தது, ஃபுல்ஹம் இருக்கவில்லை. தணிந்த ஆத்திரத்தில் பாதி எனக்குத் திரும்ப வந்துவிட்டது.

பிப்ரவரி 27

டிரெஸ்டனில் அவரிடம் கற்ற இளைஞர்களில் ஒருவர் ஹெல்முட் ஷோன். ஹோகன் 1974 ஜனவரியில், 91 வயதில் இறந்தார். அந்த ஜூலையில் மேற்கு ஜெர்மனி உலகக் கோப்பை வாங்கியது, பயிற்சியாளர் ஷோன். எதிரில் மிஷெல்ஸின் ஹாலந்து. ஹோகன் இறந்தபோது ஜெர்மன் கால்பந்துச் சங்கம் அவர் மகனுக்குக் கடிதம் எழுதியது, நவீன ஜெர்மன் கால்பந்தின் தந்தை என்று.

மார்ச் 2

பூங்காவில் பிடித்த பையன்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஓர்த் ஹங்கேரியின் மகத்தான ஆட்டக்காரர்களில் ஒருவர் ஆனார், முழங்கால் அடிபட்டு ஆட்டம் குறுகியது. பிறகு 1930 உலகக் கோப்பையில் சிலி அணியின் பயிற்சியாளர்.

பிரௌன் யூதர். 1943-இல் கிழக்குப் போர்முனையில் கட்டாய உழைப்புப் படையில் இறந்தார். ப்ரூலும் யூதர், அவரை நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமில் கொன்றார்கள். எம்டிகே கிளப்பையே 1940-இல் கலைத்திருந்தார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு பொன்னெழுத்து, வெம்ப்ளி என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்தது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் தனியாக எழுதுகிறேன்.

மார்ச் 9

கடைசியாகக் கேட்டவருக்கு: இல்லை, இங்கிலாந்து தேசிய அணியை ஹோகனிடம் ஒருபோதும் கொடுக்கவில்லை.

ஞாயிறு காலைகளில் தெருப் பையன்கள் எட்டுப் பேருக்குப் பந்து சொல்லிக் கொடுக்கிறேன், ஆளுக்கொரு பந்து. இன்று அதில் சின்னவன் அடித்த பந்து கம்பத்துக்கு மேலே போய், மதிலைத் தாண்டி, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது. எடுத்துக்கொண்டு ஓடி வந்து, சட்டையில் ஈரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "ஏன் சார் மேல போச்சு?"

புல்லில் குந்திக்கொண்டேன். "திரும்ப அடி. நான் உன் இடது காலை மட்டும் பார்க்கிறேன்" என்றேன்.